டெட் ஸோன்: என்னிடம் இரவல் வாங்கியவர்கள் கேட்ட கேள்விகள்

ஸ்டீவன் கிங்கின் 'தி டெட் ஸோன்' நாவலில் என்னிடம் இருப்பது ஒரே பிரதி. அது இதுவரை பதினோரு பேர் கைக்குப் போய் வந்திருக்கிறது. முதுகில் செலோ டேப், நூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் ரசக் கறை, கடைசிப் பக்கங்களுக்கு நடுவில் யாரோ வைத்து மறந்த பஸ் டிக்கெட். வாங்கும்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான், திருப்பித் தரும்போது கேட்பதும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன், படிக்காதவர்கள் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஒரே மூச்சுல கதை என்னன்னு சொல்லிடுங்க, பிடிச்சா வாங்கிக்கறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம். அங்கே ஒரு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார் ஜானி ஸ்மித். 1970 அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி காதலி சாராவோடு பொருட்காட்சிக்குப் போகிறான். அவளை வீட்டில் விட்டுவிட்டு டாக்ஸியில் திரும்பும்போது, எதிரே போட்டி போட்டுக்கொண்டு பறந்து வந்த கார் மோதுகிறது. நாலரை வருஷம் நினைவே இல்லாமல் கிடக்கிறான். 1975 மே மாதம் கண் விழித்தால் சாராவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. அம்மாவுக்குப் பக்தி தலைக்கேறியிருக்கிறது. இவனுக்கோ, கை யார்மேல் பட்டாலும் அவர்களைப் பற்றி ஏதோ ஒன்று தெரிகிறது. பிறகு ஒரு நாள் ஓர் அரசியல்வாதியோடு கை குலுக்குகிறான்.

1979 ஆகஸ்டில் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டது. கிங் தன் சொந்தப் பெயரில் எழுதிய ஐந்தாவது நாவல். அந்த வருஷம் அமெரிக்காவில் அதிகம் விற்ற பத்து நாவல்களில் இதுவும் ஒன்று. அந்தப் பட்டியலில் அவர் ஏறியது அதுதான் முதல் முறை.

பேய்க் கதையா சார்? ராத்திரி தனியா படிக்கலாமா?

பேய் இல்லை, பிசாசு இல்லை, கதவு தானாகத் திறக்காது. தாராளமாகப் படிக்கலாம். ஆனால் மனசு கனத்துப் போகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆரம்பத்திலேயே ஒரு நாய் சாகிறது. பைபிள் விற்றுக்கொண்டு திரியும் இளைஞன் ஒருவன், ஆளில்லாத பண்ணை வீட்டு வாசலில் குரைத்த நாயை உதைத்தே கொல்கிறான். வீட்டில் நாய் வளர்க்கும் ஒருவர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த இளைஞனை மறந்துவிடாதீர்கள், அவன் திரும்பி வருவான்.

என் இங்கிலீஷுக்கு ஓடுமா?

ஓடும். கிங் எழுதுவது பேச்சு இங்கிலீஷ். நானூறு பக்கத்துக்கு மேல் இருந்தாலும் வாக்கியங்கள் தடுக்குவதில்லை. தடுக்குவது அந்தக் கால அமெரிக்க பிராண்ட் பெயர்களும் அரசியலும்தான். பிராண்ட் பெயர்களைத் தாண்டிப் போய்விடுங்கள். அரசியலில் மட்டும் இரண்டு சங்கதி தெரிந்திருந்தால் நல்லது. வாட்டர்கேட் ஊழலில் மாட்டிக்கொண்டு அதிபர் நிக்ஸன் 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்து வியட்நாம் போர் முடிந்தது. ஜானி தூங்கிய நாலரை வருஷத்தில்தான் இரண்டும் நடந்தன. அரசாங்கத்தின் மேலிருந்த நம்பிக்கை மொத்தமும் உதிர்ந்த ஒரு நாட்டில் அவன் கண் விழிக்கிறான். ஜானி கை குலுக்கும் அந்த அரசியல்வாதி ஸ்டில்சன் மாதிரி ஒருவன் அங்கே ஏன் எடுபடுகிறான் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

'டெட் ஸோன்'னா என்ன? செல்போன் சிக்னல் கிடைக்காத இடமா?

சிரிக்காதீர்கள், இதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு வகையில் சரியான ஊகமும்கூட. விபத்தில் ஜானியின் மூளையில் ஒரு பகுதி செத்துவிட்டது. அவனுக்கு ஒரு காட்சி தெரியும்போது அதில் சில துண்டுகள் மட்டும் வராது. தெருவின் பெயர் நழுவும், ஏதோ ஒரு எண் நழுவும். அந்தத் துண்டெல்லாம் செத்த பகுதியில் போய் மாட்டிக்கொண்டுவிட்டது என்று அவன் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பெயர்தான் அது.

எனக்கென்னவோ அந்தப் பெயர் அவன் தொலைத்த நாலரை வருஷத்துக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. சக்தியை எடுத்துவிட்டாலும் இந்தக் கதை நிற்கும். அந்த வருஷங்களை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

தொட்டா எல்லாமே தெரிஞ்சிடுமா? நம்ம ஊர்ல குறி சொல்றவங்க மாதிரியா?

எல்லாம் தெரியாது. எப்போது தெரியும் என்பதும் அவன் கையில் இல்லை. ஆளைத் தொட்டாலும் வரலாம், அவர்கள் வைத்திருந்த பொருளைத் தொட்டாலும் வரலாம். வருவது நடந்ததாகவும் இருக்கலாம், நடக்கிறதாகவும் இருக்கலாம், நடக்கப் போவதாகவும் இருக்கலாம். உடற்பயிற்சி கொடுக்க வரும் ஐலீன் என்ற பெண்ணைத் தொட்டதும் அவள் வீட்டு அடுப்பங்கரைத் திரைச்சீலை பற்றி எரிவது தெரிகிறது. ஃபயர் சர்வீஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்துகிறான். சாரா தொலைத்த கல்யாண மோதிரம் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று சொல்கிறான். பொருளைத் தொட்டு அறியும் இந்த வித்தைக்கு 'சைக்கோமெட்ரி' என்று 1842-இல் ஜோசப் ரோட்ஸ் புக்கனன் என்ற அமெரிக்க மருத்துவர் பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு சரி, நிரூபணம் ஆகவில்லை.

குறி சொல்கிறவரிடம் நாமாகத் தேடிப் போய்க் கையை நீட்டுகிறோம், தட்சிணை வைக்கிறோம். ஜானியிடம் யாரும் கேட்கவே இல்லை. கேட்காமல் வந்து விழுகிற உண்மையை யாருக்கும் பிடிக்காது. காப்பாற்றப்பட்ட பிறகும் ஐலீனுக்கு அவனைப் பார்த்தால் பயம்தான். இந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்தது இது. அவன் உதவி செய்யும் ஒவ்வொருவரும் ஒரு அடி பின்னால் நகர்கிறார்கள்.

ஜானிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் வைசாக் விஷயம் இன்னும் அழகு. போலந்துக்காரர், 1939 போரில் அம்மாவைப் பறிகொடுத்ததாக வாழ்நாளெல்லாம் நினைத்திருப்பவர். அவருடைய பழைய போட்டோவைத் தொட்ட ஜானி, அம்மா உயிரோடு கலிபோர்னியாவில் இருக்கிறாள் என்கிறான். டாக்டர் தேடிக் கண்டுபிடித்து போன் போடுகிறார். அந்தப் பக்கம் குரல் கேட்கிறது. தான் யாரென்று அவர் சொல்லவில்லை.

இதெல்லாம் நெஜமாவே உண்டா அண்ணா?

இல்லை என்பதுதான் என் பதில். தேடாமல் விட்டுவிடவில்லை. ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் 1930-களில் வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து குறி போட்ட 25 சீட்டுகளை வைத்து ஆயிரக்கணக்கான தடவை சோதித்தார். சும்மா ஊகித்தாலே சராசரியாக 5 சரியாக வரும். அதற்கு மேல் வந்ததாக அவர் சொன்னதை, கண்டிப்பான கட்டுப்பாட்டோடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது உறுதிப்படுத்த முடியவில்லை. அமெரிக்க உளவுத்துறையும் பல வருஷம் பணம் செலவழித்துப் பார்த்துவிட்டு 1995-இல் கடையை மூடியது. மாயாஜாலக்காரர் ஜேம்ஸ் ரேண்டி, சோதனையில் செய்து காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார். 2015-இல் அந்தப் பரிசை நிறுத்தும் வரை ஒருவரும் வாங்கவில்லை.

ஜானியின் கதைக்கு நெருக்கமான நிஜ ஆள் பீட்டர் ஹுர்கோஸ். டச்சுக்காரர். 1941-இல் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு தனக்கு இப்படித் தெரிய ஆரம்பித்தது என்று சொல்லிக்கொண்டவர். பாஸ்டனில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவனைக் கண்டுபிடிக்க 1964-இல் அவரை வரவழைத்தார்கள். அவர் கைகாட்டிய ஆள் ஒருவன், பிறகு கொலைகளை ஒப்புக்கொண்ட ஆள் வேறு ஒருவன்.

சரி, சக்தியை விடுங்க. நாலரை வருஷம் கோமால கிடந்தவன் எழுந்து நடக்க முடியுமா?

முழு கோமா என்பது பொதுவாகச் சில வாரங்களுக்கு மேல் நீடிக்காது. அதற்குள் தெளிவார்கள், அல்லது இறந்துவிடுவார்கள், அல்லது கண் திறந்தும் உணர்வில்லாத நிலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் நீண்ட காலம் கழித்து மீண்டவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. 1984-இல் கார் விபத்தில் அடிபட்ட அர்க்கன்ஸாஸ்காரர் ஒருவர், அரைகுறை உணர்வோடு கிடந்து 2003-இல் பேச ஆரம்பித்தார். கிங் இந்த இடத்தில் ஏமாற்றவில்லை. படுத்தே கிடந்ததில் ஜானியின் தசைநாண்கள் சுருங்கிப்போகின்றன. அறுத்து நீட்ட ஆபரேஷன்மேல் ஆபரேஷன். சினிமாவில் வருவது போல எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பதில்லை.

லவ் ஸ்டோரின்னு சொல்லித்தானே குடுத்தீங்க? லவ் எங்க இருக்கு?

முதல் அறுபது பக்கத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் இருக்கிறது என்பதுதான் கதையே.

பொருட்காட்சியில் ஒரு சூதாட்டச் சக்கரம். ஜானி விளையாட்டாகக் காசு வைக்கிறான், ஜெயிக்கிறான். மறுபடி வைக்கிறான், ஜெயிக்கிறான். கூட்டம் கூடுகிறது. எவ்வளவோ பேரை மொட்டையடித்த கடைக்காரன் முகம் போகிற போக்கைப் பார்த்துக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். இவனுக்கு மட்டும் எங்கிருந்தோ ரப்பர் கருகும் வாசனை அடிக்கிறது. பக்கத்தில் சாரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தின்ன ஹாட் டாக் ஒத்துக்கொள்ளவில்லை. போகலாம் ஜானி என்கிறாள். கடைசியாக ஒரே ஒரு தடவை, 19-ஆம் எண்ணில் எல்லாவற்றையும் வைக்கிறான். ஐந்நூறு டாலருக்கு மேல் ஜெயிக்கிறான். அன்று ராத்திரி அவள் வீட்டில் தங்குவதாக இருந்தவன், அவள் வாந்தி எடுத்து ஓய்ந்து படுத்ததால் டாக்ஸி பிடிக்கிறான்.

காதலை நிரூபிக்க யாரும் வசனம் பேசவில்லை. உடம்பு சரியில்லாதவளுக்குக் காரை நிறுத்தி, தலையைப் பிடித்து, வாய் துடைத்துப் படுக்க வைக்கிறான். அவ்வளவே. கெட்டுப்போன ஒரு ஹாட் டாக் ஒரு வாழ்க்கையை மாற்றிப்போடுகிறது. விதி என்றால் நாம் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்கிறோம். கிங்குக்கு அது தெருவோரத் தீனி.

அந்தப் பொண்ணு காத்திருந்திருக்கலாம்ல?

இதைக் கேட்காத ஆண் இல்லை. கேட்ட பெண் இதுவரை ஒருவர்கூட இல்லை.

பழகி சில மாதங்களே ஆன ஜோடி அவர்கள். எழுந்திருக்கவே மாட்டான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சாரா வால்ட் ஹேஸ்லெட் என்ற வக்கீலைக் கட்டிக்கொள்கிறாள். அவன் கெட்டவனும் இல்லை. அவனை வில்லனாக்கியிருந்தால் கிங்குக்கு வேலை சுலபமாகியிருக்கும், நமக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அதைச் செய்யவில்லை.

பிறகு ஒரு நாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜானியின் அப்பா வீட்டுக்கு வருகிறாள். ஒரே ஒரு மதியம். குழந்தை தூங்குகிறான், அவர்கள் இருவரும் விட்ட இடத்தைத் தொடுகிறார்கள். சாயங்காலம் அப்பா வந்ததும் நாலு பேரும் ஒரு குடும்பம் போல உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். தப்பா சரியா என்று எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் சண்டை நடந்தது. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அம்மா கேரக்டர் படிக்கவே எரிச்சலா வருது. லூசா அவங்க?

பெயர் வீரா. எரிச்சல் வரத்தான் செய்யும். மகன் நினைவில்லாமல் கிடக்க, பறக்கும் தட்டு வந்து சொர்க்கத்துக்கு அழைத்துப் போகும் என்று நம்புகிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு வெர்மான்ட்டில் ஒரு பண்ணையில் போய்க் காத்திருக்கிறாள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள். அதிலேயே பக்கவாதம் வந்து போய்விடுகிறாள்.

ஆனால் இன்னொரு தடவை படியுங்கள். ஜானி எழுந்திருப்பான் என்று அந்த நாலரை வருஷமும் சொன்ன ஒரே ஆள் அவள்தான். டாக்டர்கள் சொல்லவில்லை, சாரா சொல்லவில்லை. அப்பா ஹெர்ப், பிள்ளை போய்ச் சேர்ந்தாலே தேவலை என்று ஒரு கட்டத்தில் நினைத்துவிட்டு அந்தக் குற்ற உணர்வோடு நடமாடுகிறவர். பைத்தியம் என்று எல்லோரும் சொன்னவள் சொன்னதுதான் பலிக்கிறது. சாகும்போதும் மகனிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறாள்: உனக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறான், அழைப்பு வரும்போது ஓடி ஒளியாதே, கடமையைச் செய். ஜானி அம்மாவின் கடவுளை நம்பவில்லை. ஆனால் அந்த வார்த்தையைத் தூக்கி எறியவும் முடியவில்லை. கதையின் பின்பாதி முழுக்க அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடுகிறது. நம் வீடுகளிலும் செத்துப்போனவர்களின் கடைசி வார்த்தைக்கு என்ன எடை என்று நமக்குத் தெரியாதா?

ஹெர்ப்பைப் பற்றித் தனியாக யாரும் கேட்டதில்லை, நானாகவே சொல்கிறேன். புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். பொண்டாட்டியின் பைத்தியத்தையும் பிள்ளையின் படுக்கையையும் ஒரே ஆளாகத் தாங்கியவர். பின்னால் மறுமணம் செய்துகொள்கிறார், அதை ஜானி மனசார ஏற்றுக்கொள்கிறான்.

நடுவுல எதுக்கு சீரியல் கில்லர்? வேற புக் மாதிரி இருக்கு.

காஸல் ராக் என்ற ஊர். கிங்கின் கற்பனை ஊர், முதன்முதலில் வருவது இந்த நாவலில்தான். பெண்களைக் கொன்றுகொண்டே போகிறான் ஒருவன். துப்பே கிடைக்காமல் ஷெரிஃப் பானர்மன் ஜானியைக் கூப்பிடுகிறார். ஒரு காலி சிகரெட் பாக்கெட் போதுமானதாக இருக்கிறது. கொலைகாரன் ஷெரிஃபுக்குக் கீழே வேலை பார்க்கும் போலீஸ்காரன் ஃப்ராங்க் டாட்.

வேறு புத்தகம் மாதிரி இருப்பது உண்மை, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மேலே வீராவைப் பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அங்கேயும் ஒரு அம்மா இருக்கிறாள். மகன் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும், மூடி மறைக்கிறாள். ஒரு அம்மா மகனைக் கடமைக்குத் தள்ளுகிறாள், இன்னொருத்தி முந்தானைக்குள் ஒளிக்கிறாள். இதில் எது கொடுமை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இந்த வழக்கால் ஜானிக்குக் கிடைத்த பரிசு: பேப்பரில் பெயர் அடிபட்ட ஆள் வாத்தியார் வேலைக்குச் சரிவர மாட்டான் என்று பள்ளிக்கூடம் கைவிரித்துவிடுகிறது.

(இனி முடிவு வரை பேசுகிறேன். படிக்காதவர்கள் இங்கே இறங்கிக்கொள்ளவும்.)

டியூஷன் பையன் பகுதி இழுவை. தாண்டிடலாமா?

தாண்டாதீர்கள். பணக்கார வீட்டுப் பையன் சக், விளையாட்டில் புலி, ஒரு பத்தி படிக்கச் சொன்னால் வேர்த்துக் கொட்டுகிறது. ஜானி அவனுக்குப் பொறுமையாகப் படிக்கச் சொல்லித் தருகிறான். நாவல் முழுவதிலும் ஜானி சந்தோஷமாக இருப்பது இங்கே மட்டும்தான். சக்தியைக் கொண்டு அவன் செய்யும் எந்தக் காரியத்தையும்விட இந்த டியூஷன்தான் பெரிய அற்புதம். வாத்தியார் வேலை பார்ப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

பட்டமளிப்பு விருந்து நடக்க இருக்கும் ஹோட்டல் இடி விழுந்து எரியப்போவது ஜானிக்குத் தெரிகிறது. போகாதே என்று கெஞ்சுகிறான். பையனின் அப்பா பாதி மனசோடு வீட்டிலேயே ஒரு விருந்து வைக்கிறார். ஒரு கூட்டம் இங்கே வருகிறது, ஒரு கூட்டம் அங்கே போகிறது. அங்கே போனவர்கள் கருகுகிறார்கள். பிழைத்த பெண்ணொருத்தி ஜானியைப் பார்த்து அலறுகிறாள்: நீதான் இதை நடக்க வைத்தாய், 'கேரி' புத்தகத்தில் வருகிற மாதிரி! 'கேரி' 1974-இல் வெளிவந்த கிங்கின் முதல் நாவல். அத்தனை பிணங்களுக்கு நடுவில் தன் புத்தகத்துக்கே ஒரு குத்து. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாசகன் முழிக்கிறான். ஐலீனைப் பற்றிச் சொன்னேனே, காப்பாற்றினால் பின்னால் நகர்வார்கள் என்று. அதன் உச்சம் இந்த இடம்.

ஸ்டில்சன் யாரைப் பார்த்து எழுதினது? இன்னைக்கு இருக்கற ஆளுங்க மாதிரியே இருக்கே.

நாயை உதைத்துக் கொன்ற அதே பைபிள் வியாபாரி. தலையில் கட்டட வேலைக்காரர் ஹெல்மெட், கூட்டத்துக்கு ஹாட் டாக் வீச்சு, நாட்டுக் குப்பையை எல்லாம் விண்வெளிக்கு அனுப்புவேன் என்று வாக்குறுதி, பாதுகாப்புக்கு மோட்டார் சைக்கிள் ரவுடிகள். கோமாளி என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே ஓட்டுப் போடுகிறார்கள். 1976-இல் நியூ ஹாம்ப்ஷயரின் மூன்றாவது தொகுதியில் சுயேச்சையாக ஜெயித்துவிடுகிறான். அந்த மாநிலத்துக்கு நிஜத்தில் இருப்பவை இரண்டே தொகுதிகள். ஒருவரைக் குறிவைக்காமல் இருக்கத்தான் மூன்றாவதைக் கட்டியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். புத்தகம் வந்தது 1979-இல். உங்களுக்கு யார் முகம் தெரிகிறதோ அது உங்கள் ஊர்க் கணக்கு, என்னை இழுக்காதீர்கள்.

1932-க்குப் போனா ஹிட்லரைக் கொல்லுவீங்களான்னு கேக்கறானே. நீங்க என்ன சொல்வீங்க?

ஸ்டில்சனோடு கை குலுக்கியபோது, பிற்காலத்தில் அவன் அதிபராவதும் அணுகுண்டுப் போரைத் தொடங்குவதும் ஜானிக்குத் தெரிகிறது. அதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே திரிகிறான். அரசியல் கொலை செய்கிறவன் எப்போதாவது நியாயமாக இருக்க முடியுமா, அவனை நாயகனாக வைத்து எழுத முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் நாவலே பிறந்தது என்று கிங் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

என் பதில் கேட்பவரைப் பொறுத்து மாறுகிறது, அதில் எனக்கு வெட்கம்தான். ஹிட்லருக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும், அதனால் 'ஆமாம்' சுலபம். ஜானியின் கையில் இருப்பது ஒரு காட்சி மட்டும், அதிலும் பாதி மறைந்த காட்சி. அவன் அந்தக் கேள்வியைக் கேட்பதே, யாராவது தனக்காக 'ஆமாம்' சொல்லமாட்டார்களா என்று தேடித்தான் என்று எனக்குப் படுகிறது.

படம் பாத்துட்டேன். புக் வேற வேணுமா?

டேவிட் க்ரோனன்பெர்க் இயக்கி 1983-இல் வந்த படம் நல்ல படம். கிறிஸ்டோபர் வாக்கனின் முகமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஆனால் சூதாட்டச் சக்கரம் இல்லை, வீராவின் பைத்தியம் பெரும்பாலும் இல்லை, இடி விழும் ஹோட்டலுக்குப் பதிலாக உறைந்த ஏரி. கடைசியில் ஸ்டில்சன் கேடயமாகத் தூக்குவது சாராவின் குழந்தையை. நாவலில் அது யாரோ பெற்ற பிள்ளை. படத்தின் முடிவு கச்சிதம், புத்தகத்தின் முடிவில் முடிச்சுகள் அவிழாமல் கிடக்கும். எனக்கு அவிழாததுதான் பிடிக்கும். 2002 முதல் 2007 வரை வந்த டிவி தொடரில் பெயர்களும் சக்தியும் மட்டும் இதிலிருந்து, பாதை வேறு. கதையை முடிக்காமலே நின்றும்போனது.

கடைசில அவனுக்குத் தெரிஞ்சது நெஜந்தான்னு என்ன ஆதாரம்? மூளைக் கட்டியால வந்த பிரமையா இருந்தா?

பதினோரு பேரில் இரண்டே பேர் கேட்ட கேள்வி. கேட்டவர்களுக்கு என் வந்தனம்.

அதுவரை வந்த ஒவ்வொரு காட்சிக்கும் சில பக்கங்களில் சாட்சி வந்துவிடும். ஐலீன் வீட்டில் தீ, வைசாக்கின் அம்மா குரல், டாட்டின் வாக்குமூலம், எரிந்த ஹோட்டல். ஸ்டில்சன் காட்சிக்கு மட்டும் சாட்சி வரவே முடியாது. ஜானி ஜெயித்தால் போர் நடக்காது, நடக்காத போரை யார் பார்ப்பது? இதற்குள் அவன் தலையில் கட்டி இருப்பதாக டாக்டர் சொல்லியாகிவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டான். வெளியே இருந்து பார்த்தால் அவன் யார்? தலையில் நோயோடு, ஆண்டவன் பணி தந்ததாக அம்மா சொன்னதை மனசில் போட்டுக்கொண்டு, ஸ்டில்சனைச் சுடத் துப்பாக்கியோடு மேல்மாடத்தில் ஒளிந்திருக்கும் தனி ஆள். வீரா மேல் நமக்கு வந்த எரிச்சலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கிங் நம்மை ஜானியின் தலைக்குள் உட்கார வைத்துவிட்டதால் நாம் நம்புகிறோம். கடைசிப் பகுதியில் வரும் விசாரணைக் குழுவின் கேள்விகளை மட்டும் தனியாகப் படித்தால் ஆட்டம் கண்டுவிடும். ஸ்டில்சன் பொல்லாதவன் என்பதற்கு மட்டும் காட்சியின் துணை தேவையில்லை. நாய் செத்தது நாமே பார்த்தது. ஜானி சுட ஆரம்பித்ததும் அவன் செய்த முதல் காரியம் பக்கத்தில் இருந்த குழந்தையைத் தூக்கித் தன் முன்னால் பிடித்தது, அது போட்டோவில் இருக்கிறது. ஜானியின் குறி ஒன்றுகூடப் படவில்லை. ஸ்டில்சனைத் தீர்த்தது அந்தப் போட்டோதான்.

கடைசிப் பக்கத்துல சாராவை யாரோ தொடற மாதிரி வருதே. பேய் இல்லைன்னீங்களே?

இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார்கள். ஜானியின் கல்லறைக்குப் போன சாராவுக்கு யாரோ தொட்ட மாதிரி இருக்கிறது, திரும்பினால் யாரும் இல்லை. காற்றாக இருக்கலாம். நினைப்பாக இருக்கலாம். கிங் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

ஒன்று கவனித்தீர்களா? இந்தப் புத்தகத்தில் ஜானி தொடுகிற தொடல் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு சேதி வந்து விழும், யாராவது பயப்படுவார்கள். இந்த ஒரு தொடலில் சேதி எதுவும் இல்லை, அவள் பயப்படவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காருக்குப் போகிறாள்.

ஆரம்பத்தில் சொன்ன பஸ் டிக்கெட் இருப்பது இதற்கு முந்தின பக்கத்தில். முடிக்க ஒரே தாள் இருக்கும்போது எதற்கு அடையாளம் வைத்தார் என்று கேட்க, வைத்தவர் யாரென்று தெரியவில்லை. பன்னிரண்டாவதாக வாங்குகிறவர் அதை எடுத்துவிட வேண்டாம்.